மதலேன் டீச்சர் வீட்டுக்கும் மேன்ஷனுக்கும் நடுவில் ஒரு அடி

பாண்டிக்குப் போகிறேன் என்றதும் ஹாஸ்டலில் எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் வார்டன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா, பொம்பளப் புள்ள, பாண்டிக்கு எதுக்கு?" என்றார்.

"மண்ணைப் பாக்கறதுக்குங்க மேடம்."

"கோயமுத்தூர்ல மண்ணு இல்லியா?"

நியாயமான கேள்விதான். இருக்கிறது. ஆனால் எங்கள் காலேஜ் பக்கம் கொஞ்சம் தோண்டினால் பாறை கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். பாறைமேல் நிற்கும் இரண்டு கட்டிடங்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பேச்சு வார்த்தை கிடையாது. எனக்கு வேண்டியது பேசிக்கொள்கிற கட்டிடங்கள்.

எம்.இ. கடைசி வருஷம், 2002. குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் பூகம்பக் காய்ச்சல். என் பிராஜெக்ட் இது: ஒரு கட்டிடம் ஆடும்போது தான் நிற்கும் மண்ணையும் சேர்த்து ஆட்டுகிறது. அந்த ஆட்டம் மண்ணுக்குள் பரவிப்போய்ப் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைத் தட்டும். பக்கத்து வீடும் சும்மா இருக்காது, திருப்பித் தட்டும். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. இரண்டின் தாளமும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். வேறு வேறாக இருந்தால் பெரும்பாலும் அமுங்கிவிடும், சில சமயம் ஒன்று மற்றதைப் பிடித்து நிறுத்தவும் செய்யும். சுவர் சுவரைத் தொடவே வேண்டாம், நடுவில் மண் இருக்கிறதே, அது போதும்.

"கம்ப்யூட்டர்ல எத்தன வேணாலும் ஆட்டலாம். ஒரு தடவையாச்சும் நிஜ வீட்ல வெச்சு அளந்துட்டு வா" என்றார் எங்கள் சார்.

நிஜ வீட்டைக் கொடுத்தவள் என் ரூம்மேட் ரோஸி. அவளுடைய சித்தி மதலேன் பாண்டியில் முதலியார்பேட்டையில் இருக்கிறார். பழைய ஓட்டு வீடு. பக்கத்தில் புதிதாக நாலு மாடி மேன்ஷன். போன வருஷம் செப்டம்பரில் பாண்டிக்குக் கிழக்கே கடலுக்கடியில் ஒரு அதிர்வு வந்ததே, அதில் சித்தி வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. மேன்ஷனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "அன்னிலேருந்து ரெண்டு ஊட்டுக்கும் சண்டடி" என்றாள் ரோஸி. சண்டை என்று கேட்டதும் எனக்குக் குஷியாகிவிட்டது. இரண்டு சென்சார், ஒரு பதிவுப் பெட்டி, டிபார்ட்மெண்டின் பழைய லேப்டாப். சென்சார் ஒவ்வொன்றும் ஊறுகாய் ஜாடி அளவுதான், கனம் அம்மிக்குழவி. தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பாண்டி பஸ் ஸ்டாண்டில் டெம்போ என்று ஒன்று ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு சீட், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்பது டிரைவரின் நம்பிக்கையைப் பொறுத்தது. "முதலியார்பேட்டை போகுங்களா?" என்றேன். டிரைவர் தலையாட்டினார். ஏறிவிட்டேன். சீட்டின் இந்த முனையில் மடியில் சென்சாரோடு நான். அந்த முனையில் மீன் விற்றுவிட்டு, காலி அலுமினிய அன்னக்கூடையோடு ஒரு அம்மா. நடுவில் மூன்று பேர். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்தம்மா உட்கார்ந்து எழுந்தால் என் பக்கம் பலகை ஏறி இறங்கியது. அவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒரே பலகை, அவ்வளவுதான். ஒரு நிறுத்தத்தில் அவர் இறங்கினார். நான் அரை அங்குலம் கீழே போனேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். போர்டைப் படித்தேன். கதிர்காமம்.

"அண்ணா, முதலியார்பேட்டைன்னு கேட்டனுங்களே!"

"முதலியார்பேட்ட அந்தாண்டம்மா. இது இந்தாண்ட."

"தலையாட்டுனீங்களேங்க!"

"பாட்டு ஓடிக்கினு இருந்துச்சில்ல? அதுக்கு ஆட்டினேன்" என்றார் டிரைவர், கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சியில்லாமல். பிறகு மனசு இளகி, பஸ் ஸ்டாண்ட் வரை முன்சீட்டில் உட்காரவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

மதலேன் சித்தியை நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டது ஒரு தடவைதான். "ஆன்ட்டின்னா எனக்கு வயசாவுற மாதிரி இருக்குது. டீச்சர்னு கூப்புடு, தெருவே அப்பிடித்தான் கூப்புடுது." கான்வென்டில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில்தான் பிறந்தார், அந்த வீட்டிலிருந்துதான் தினம் காலையில் சர்ச் பூசைக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிறார்.

அன்று மாலை வீட்டில் இன்னொருவரும் இருந்தார். டீச்சரின் அண்ணன் பியேர். பிரான்ஸிலிருந்து லீவில் வந்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சங்கரா மீன் குழம்பும் என் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியும். இட்லியும் இல்லை, சோறும் இல்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கி வாயில் போட்டார்கள். மொறுமொறு மேலோட்டுக்குள் புளியும் மிளகாயும் இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் நாலாவது துண்டில் இருந்தபோது பியேர் விஷயத்துக்கு வந்தார்.

"வீடு எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்குது. ஞாயித்துக்கெழம எனக்கு ஃபிளைட். மதலேன் தனியா இருக்குது, சுவரு வாயப் பொளந்துக்கினு நிக்குது. மறுபடி ஒரு தடவ ஆடினா? ஓடு தலமேல வரும். வித்துட்டு எங்கூட வான்றேன். பக்கத்து ஊட்டு ஏழுமலையே வாங்கிக்கறேன்றாரு."

"நான் எங்கயும் வரல" என்றார் டீச்சர், ரொட்டியைப் பார்த்தபடியே.

"அலோர், அப்பிடின்னா இந்தப் பொண்ணு மிஷினு வெச்சுப் பாக்கட்டும். மிஷினு சொல்றத ரெண்டு பேரும் கேப்போம். சம்மதமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். இது பாட்டுக்கு ஆட்டியது இல்லை. ஒரு வீட்டின் தலையெழுத்தை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, செம பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். பாகூர் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். தினம் விடிகாலையில் டி.வி.எஸ்.ஸில் வயலுக்குப் போய்விட்டு, ஒன்பது மணிக்குக் காலில் சேறோடு வந்து மேன்ஷன் முதலாளி ஆகிவிடுவார். மேன்ஷன் என்றால் மாடிக்கு ஆறு அறை, அறைக்கு மூன்று பேர், எல்லாம் மெடிக்கல் ரெப்பும் கம்பெனி வேலைக்காரர்களும்.

"இன்னா பாப்பா, கோயமுத்தூரா? மோட்டார் ஊராச்சே. எம் பில்டிங்குக்கும் மோட்டார் மாட்டப் போறியா?"

"மோட்டார் இல்லீங்ணா. இது கேக்கற மிஷின். கட்டிடம் ஆடறத கேட்டு எழுதிக்கும்."

"எம் பில்டிங் ஆடாது. மொதல்ல இங்க வா, வந்து பாரு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருப்பக்கம் இருந்த சந்துக்குக் கூட்டிப்போனார். டீச்சர் வீடும் ஏழுமலை இடித்த பழைய வீடும் ஒரு காலத்தில் ஒட்டுப் பிறந்தவை, நடுவில் ஒரே சுவர். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரத்தில் அதை 'மித்வாயேன்' என்று எழுதியிருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர் என்று அர்த்தம். பொதுச் சுவரை ஒருத்தர் மட்டும் இடிக்க முடியாது. அதனால் ஏழுமலை தன் வீட்டை மட்டும் இடித்து, அந்தச் சுவரை டீச்சருக்கே விட்டுவிட்டு, ஒரு அடி தள்ளிக் கட்டியிருக்கிறார்.

"கைய வுடு உள்ள. எங்கனா ஒட்டுதா? ஒரு அடி! எம் எடத்துல நானே வுட்டது. தொடாத சுவரு எப்பிடிம்மா என்னால வெடிக்கும்? டீச்சர் ஊடு பழசு, அதான் வெடிச்சுது. இத சொன்னா அது எங்கூடப் பேசறதில்ல."

எட்டிப் பார்த்தேன். இருட்டுச் சந்து. ஒற்றைச் செருப்பு, ஒரு கிரிக்கெட் பந்து, மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து தரைக்கு மேலேயே நின்றுபோன ஒரு பி.வி.சி. பைப். பூனை ஒன்று என்னை முறைத்துவிட்டுப் போனது. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் யோசிக்கவில்லை.

ஒரு சென்சார் மேன்ஷன் மொட்டைமாடியில். இன்னொன்று டீச்சர் வீட்டுக் கூடத்தில், விரிசலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில். பூகம்பம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லாரி, கடல் அலை, நடமாட்டம் எல்லாம் ஊரை எப்போதும் லேசாக நடுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தில் ஒவ்வொரு கட்டிடமும் தன் தாளத்தை முணுமுணுக்கும். தெரு அடங்கியிருக்கும் நேரம்தான் நல்லது. எனவே விடிகாலை ஐந்திலிருந்து ஆறுவரை தானாகப் பதிகிற மாதிரி பெட்டியைச் செட் பண்ணினேன். மிஷின் எழுந்துகொள்ளும், நான் தூங்குவேன். இன்ஜினியரிங் என்பது அதுதானே.

"யாரும் பக்கத்துல தொம்முதொம்முன்னு நடக்காதீங்க" என்று உத்தரவும் போட்டேன்.

புதன்கிழமை ஏழரைக்கு எழுந்து, லேப்டாப்பில் கோடுகளைப் பிரித்தேன். மேன்ஷன், வினாடிக்கு மூன்று ஆட்டம். நாலு மாடிக்கு அது சரி. டீச்சர் வீடு, அதுவும் மூன்று! குட்டையான கெட்டிச் சுவர் வீடு அதைவிட வேகமாகத்தான் துடிக்க வேண்டும். ஆனால் கோடு அத்தனை கூர்மை, பனைமரம் மாதிரி. இரண்டும் ஒரே தாளம். மண் வழியாகக் கைகோத்துக்கொண்டு ஆடுகிற இரண்டு கட்டிடங்கள்! உலகத்தில் எத்தனை பேருக்கு இப்படிக் கிடைக்கும்? குளிக்காமல் ஒரு குத்தாட்டம் போட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் வாழைக்காய் வறுவலைக் கடித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னேன். "ரெண்டும் ஒரே தாளத்துல ஆடுதுங்க. மேன்ஷன் ஆடறப்போ மண்ணு வழியா இந்த வீட்ட ஏத்தி விடுது. இன்னொரு அதிர்வு வந்தா கஷ்டந்தானுங்க."

"வொய்லா" என்றார் பியேர். 'பாத்தியா' என்று அர்த்தம், ஆனால் சந்தோஷமாகச் சொல்லவில்லை, பெருமூச்சாகத்தான் வந்தது. சாயங்காலமே ஏழுமலையிடம் போய்ப் பேசி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நோத்தேர் என்கிற பத்திர வக்கீல் ஆபீஸில் பத்திரத்தில் கையெழுத்து என்று முடிவுசெய்துவிட்டு வந்தார்.

டீச்சர் மூன்றாம் வகுப்பு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் என்னைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். கோயமுத்தூரில் மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை, டேம் மீன், இரண்டு வகை. இங்கே பெயர் கேட்டுக்கொண்டே போனால் சாயங்காலம் ஆகிவிடும். ஈரத்தரை, தலையில் கூடையோடு "வழி வுடு, வழி வுடு" என்று இடிக்கிறவர்கள், நடுவில் என் புதுச் செருப்பு. டீச்சர் நேராக ஒரு கடைக்குப் போனார். விற்கிற அம்மாவுக்கு டீச்சரைத் தெரிந்திருந்தது.

"இன்னா டீச்சர், மூஞ்சி வாடிக் கெடக்குது? ஞாயித்துக்கெழம நண்டு வருது. எப்பவும் போல எடுத்து வெக்கவா?"

"வேணாம் குப்பு."

"ஏன், அண்ணன் துன்ன மாட்டாரா?"

"ஞாயித்துக்கெழம நான் எங்க இருப்பேனோ, அடுத்த ஞாயித்துக்கெழம எங்க இருப்பேனோ" என்று டீச்சர் நெத்திலியைக் கிளறினார். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், எல்லாம் என்னால்தான் என்று தெரிந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை விடிகாலை கரெண்ட் போயிற்று. ஃபேன் நின்றால் பாண்டிக் கொசு எழுப்பிவிடும். எழுந்து வெளியே வந்தேன். கூடத்தில் ஒரு மெழுகுவத்தி வெளிச்சம். டீச்சர் பூசைக்குப் போவதற்கு முன் தரை துடைத்துக்கொண்டிருந்தார். சென்சாரைத் தரையில் காணோம்.

"டீச்சர், மிஷின் எங்கீங்க?"

"அங்க இருக்குது பாரு. பத்திரமா வெச்சிருக்கேன்."

மூலையில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மேஜை. மெலிந்த நீளக்கால்கள், அவருடைய அம்மா காலத்தது. அதன்மேல் கனமான மாதா சுரூபம், கையால் பின்னிய வெள்ளை விரிப்பு, விரிப்பின்மேல் என் சென்சார். பக்கத்தில் மெழுகுவத்தி. சென்சாரின் தலையில் இரண்டு சொட்டு மெழுகு.

"எத்தன நாளா இப்பிடி?"

"நீ வெச்ச அன்னிலேருந்துதான். அவ்ளோ பெரிய மிஷினு, தரையில கெடக்குது, மாப் போட்டா ஈரம் ஏறாதா? காலையில தூக்கி மாதாகிட்ட வெச்சிட்டு, பூச முடிஞ்சி வந்து எறக்கி வெப்பேன். நீ எந்திரிக்கறதுக்குள்ள. ஏன், சுடர் பட்டுடுச்சா?"

மேஜையை ஒரு விரலால் தொட்டேன். ஆடியது. மாதாவும் சேர்ந்து ஆடினார். ஒன்று, இரண்டு, மூன்று. வினாடிக்கு மூன்று.

நான் அளந்தது வீட்டை இல்லை, மேஜையை.

பல்பு என்றால் இது பல்பு, தெருவிளக்கு சைஸ். டீச்சர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. நடக்காதீர்கள் என்றேனே தவிர, எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து நானே உட்கார்ந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஓடிப்போய் மேன்ஷன் மாடியில் இருந்த சென்சாரையும் பார்த்தேன். அது வைத்த இடத்திலேயேதான் இருந்தது. ஏழுமலையின் மனைவி செல்வி அக்கா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் வைத்திருந்தார். "வெள்ளிக்கெழமையாச்சே, புது மிஷினு" என்றார். அசைக்காத வரைக்கும் புண்ணியம்.

டீச்சர் வீட்டு சென்சாரைத் தரையில் இறக்கி, பக்கத்தில் பாய் போட்டு நானே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிந்தேன். கோடு வந்தது. வீட்டின் சொந்தத் தாளம் வினாடிக்கு ஏழு. மேன்ஷனுடையதற்கு எங்கேயோ தள்ளி. மூன்றுக்கு எதிரே பனைமரம் இல்லை, ஒரு சின்ன மேடு மட்டும், வெயிலில் படுத்த பூனை முதுகு மாதிரி.

காப்பி நேரத்தில் பியேரிடம் சொல்லிவிட்டேன். மேஜையிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும்.

"மேஜைய அளந்துட்டா என் தங்கச்சிய வூட்ட வுட்டு எழுப்பின?"

"ஆமாங்க. தப்பு எம்மேலதானுங்க."

டீச்சர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப வூடு ஆடலியா?"

"மேன்ஷனோட சேந்து ஆடல. ஆனா மேன்ஷன் ஆடறது இங்க கொஞ்சூண்டு தெரியுதுங்க. இந்த மேடு அதான். விரிசல் ஏன் வந்துச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

அதற்குள் வயலிலிருந்து திரும்பிய ஏழுமலை வாசலில் நின்றார். நாளைய கையெழுத்து விஷயமாக வந்தவர், கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டார். "இன்னா தெரியுது? ஒரு அடி வுட்டிருக்கேன், காத்துதான் இருக்குது நடுவுல. காத்து வழியா வருதா?"

"மண்ணு வழியாங்ணா."

"கதை வுடாத."

எனக்கும் அந்த வாரம் நான் சொல்வதை நானே நம்பக் கூச்சமாக இருந்தது. அதனால் காட்டிவிடலாம் என்றேன். லீவில் இருந்த ரெப் பையன்கள் பத்துப் பேரை மேன்ஷன் மூன்றாம் மாடிக்கு அனுப்பினேன். நான் ஜன்னலில் துண்டை ஆட்டினால் எல்லாரும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். டீச்சர் கூடத்தில் லேப்டாப்பைச் சுற்றி டீச்சர், பியேர், செல்வி அக்கா, ஏழுமலை. துண்டு ஆடியது. தொம். ஒரு அடிக்கு அந்தப் பக்கம் பையன்கள் குதிக்க, இந்தப் பக்கம் என் திரையில் கோடு துள்ளி எழுந்து, நடுங்கி, அடங்கியது.

"இன்னொரு வாட்டி" என்றார் ஏழுமலை. தொம். கோடு துள்ளியது. "பசங்க சத்தம் போடறானுங்க, அதுதான் இது" என்று அவரே மாடியேறிப் போனார். தனியாக நின்று, ஒரு சத்தமும் போடாமல், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குதித்தார். தொண்ணூறு கிலோ.

"யோவ், தெரியுதுய்யா!" என்று செல்வி அக்கா ஜன்னலில் கத்தினார். "நீ குதிச்சா டீச்சர் ஊட்டுல தனியா தெரியுது! இன்னிலேருந்து சோத்தக் கொற!"

டீச்சர் சிரித்துவிட்டார். இந்த வாரத்தில் முதல் தடவை.

இறங்கி வந்த ஏழுமலையிடம் டெம்போ கதையைச் சொன்னேன். அந்த முனையில் மீன்காரம்மா எழுந்தால் இந்த முனையில் நான் இறங்கினதை. அவர் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப பத்திரத்துல சுவரு பொதுன்னு எழுதினவன், மண்ணு பொதுன்னு எழுதாம வுட்டான்."

"ஆனா இவ்ளோ சின்ன ஆட்டத்துக்குச் சுவரு வெடிக்காதுங்ணா. அடியில வேற என்னமோ இருக்கு."

விரிசல் தரையிலிருந்து படிப்படியாக ஏறுகிறது. வெளியே அதற்கு நேராக என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது, அப்போதுதான். சந்துக்குள் போக ஆள் வேண்டும். ஏழுமலையால் முடியாது, பியேரால் முடியாது. ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டுக்கு ஒரு நன்மை உண்டு என்றால் அது இதுதான். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து, கையில் ஒரு கம்பியோடு உள்ளே நகர்ந்தேன். போகும் வழியெல்லாம் கம்பியை மண்ணில் குத்தினேன். ஒரு விரல்கடைக்கு மேல் இறங்கவில்லை. விரிசலுக்கு நேராக வந்தேன். மேலே அந்த பி.வி.சி. பைப், பாதியில் நின்றது. கம்பியைக் குத்தினேன். தயிரில் இறங்குவது மாதிரி முழங்கை ஆழம் இறங்கியது.

ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு, கிரிக்கெட் பந்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பந்துக்கு மாடியிலிருந்து கைத்தட்டல். மண்ணை ஏழுமலை வாங்கினார். உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தேய்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இது அரிச்ச மண்ணு" என்றார் மெதுவாக. "நைசு மண்ணு எல்லாம் போயிட்டு வெறும் மணலுதான் நிக்குது. மடைவாயில தண்ணி ஊத்திக்கினே இருந்தா இப்பிடித்தான் ஆவும். வரப்பு தானா உக்காந்துடும்." மேலே பைப்பைப் பார்த்தார். "எம் மாடித் தண்ணி. நாலு வருஷமா. சந்துல தானே போவுதுன்னு வுட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். மேன்ஷன் மாடியின் மழையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, டீச்சர் வீட்டு அஸ்திவாரத்துக்கடியில் மண்ணைத் தளரவைத்திருக்கிறது. தளர்ந்த மண்ணைப் போன செப்டம்பர் அதிர்வு உலுக்கியதும் அந்த இடம் மட்டும் இறங்கியிருக்கிறது. சுவர் வெடித்தது. அவர் சுவரைத் தொடவில்லை என்பது உண்மை. தொட வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் பார்த்தோம். டீச்சர் பியேரிடம்தான் திரும்பினார். "நாளைக்கு நோத்தேர் ஆபீஸுக்கு நான் வரல."

"மதலேன், பைப்ப மாத்திட்டா மட்டும் ஆச்சா? நாளைக்கே மழ வரும்."

"சார், மழையே சொல்லட்டுங்க" என்றேன். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு ஓரமும் சிமெண்டு பூசிவிட்டால் போதும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இதற்கு மிஷின் வேண்டாம், மேஜையும் வேண்டாம். பாண்டிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அது முடியும்வரை கண்ணாடி உடையாமல் இருந்தால் மண் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

பியேர் யோசித்தார். "சரி. நொயேலுக்கு வருவேன்." கிறிஸ்துமஸைச் சொல்கிறார். "கண்ணாடி ஒடஞ்சிருந்தா அன்னிக்குக் கையெழுத்து. அப்பறம் பேச்சு கெடையாது."

"கெடையாது" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை நோத்தேர் ஆபீஸுக்குப் போக வேண்டிய நேரத்தில் பிளம்பர் வந்து பைப்பைத் தெருக் கால்வாய்க்குத் திருப்பினார். ஏழுமலை வயலில் வேலை செய்கிற ஒல்லியான ஆள் ஒருவரை அழைத்துவந்து, சந்துக்குள் ஜல்லியும் மணலும் கொட்டிக் கெட்டியாக இடிக்கவைத்தார். ஒவ்வொரு இடிக்கும் டீச்சர் வீட்டில் டம்ளர் தண்ணீரில் வட்டம் வந்தது. இடித்து முடிந்ததும் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடியைப் பதித்துவிட்டு, நான் மெழுகையும் குங்குமத்தையும் துடைக்காமல் சென்சார்களைப் பெட்டியில் வைத்தேன். கோயமுத்தூரில் எங்கள் சார் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார். ரீடிங் என்றேன்.

பிராஜெக்டில் மேஜையையும் எழுதினேன், ஒரு பக்கம். சார் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

அந்த வருஷ மழை நாட்களில் பேப்பரில் நான் முதலில் பார்த்தது பாண்டி வானிலையைத்தான். ரோஸி சித்திக்குப் போன் போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பேன். டீச்சர் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்கத் துணியவில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு ஹாஸ்டல் போனில் எனக்கு அழைப்பு என்றார்கள். எடுத்தால் டீச்சர் இல்லை.

"பாப்பா, ஏழுமல பேசறேன். கண்ணாடி ஒடையல."

"நெசமாவாங்ணா? நல்லா பாத்தீங்களா?"

"நல்லா பாத்தியாவா? தெனம் வயலுக்குப் போறதுக்கு மின்னாடி டீச்சர் ஊட்டுல ஒரு எட்டு பூந்து, டார்ச்சு அடிச்சிப் பாத்துட்டுதான் வண்டிய எடுக்கறேன். மழ கொட்டின அன்னிக்கு ரெண்டு வாட்டி. பியேரு நேத்து வந்து எறங்கினாரு. வெரலால தடவிப் பாத்தாரு, நகத்தால தட்டிப் பாத்தாரு. அப்பிடியே போயி படுத்துட்டாரு. இரு, டீச்சர் புடுங்குது."

போன் கை மாறியது. டீச்சர் குரலில் அவசரம், அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி.

"ஞாயித்துக்கெழமைக்கு நண்டு எடுத்து வெக்கச் சொல்லிட்டேன். ரோஸியோட நீயும் வா. அந்த மிஷின எடுத்துக்கினு வராத."

போனோம். பாண்டி பஸ் ஸ்டாண்டில் டெம்போவில் ஏறுவதற்கு முன், உள்ளே பாட்டு ஓடுகிறதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.